ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஓர் இஞ்ச் டேப் வேண்டும்

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்து சிகிச்சைக்கு, அதாவது ஏ.ஆர்.டி.க்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், மாதாமாதம் எங்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பெயர் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். வயது 51, தையல் தொழில், மேற்கு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். லாரி ஓட்டிய வீட்டுக்காரர் 2003ல் போய்விட்டார். நான் 2005லிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரே ஒரு நாள் விட்டேன், அது மகளுக்குப் பிரசவ வலி வந்த அன்று, அதையும் கவுன்சிலரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி இது போதும்.

போன மாதம் மருந்து வாங்க வந்தபோது நடந்ததுதான் இதை எழுத வைத்தது. எந்த மையம், யார் என்பதெல்லாம் வேண்டாம். ஒருவர்மேல் பழி போட்டு முடிக்கிற விஷயமாக இருந்தால் நேரில் சண்டை போட்டிருப்பேன், இத்தனை தூரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, ஏறிவிட்டது. வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி திட்டு விழுந்தது. கவர்மென்ட் சும்மா கொடுக்கிறது என்றால் அவ்வளவு இளக்காரமா, உனக்கு எத்தனை தடவை சொல்வது, இப்படி. அவள் புடவைத் தலைப்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேள்வி மாதிரிதான் கேட்டார்கள், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

எனக்குச் சொன்னாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று சொன்னாள். கையும் காலும் பழைய மாத்திரையிலேயே மெலிந்துவிட்டதாம். புது மாத்திரைக்கு மாறிய பிறகு வயிறு மட்டும் போட ஆரம்பித்தது. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் ஆறு மாத வயிறு. ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி சிரித்துக்கொண்டே "எத்தனை மாசம்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் வீட்டுக்காரர் செத்து நாலு வருஷம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு விதவை என்ன பதில் சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? மாத்திரையால் வந்த வயிறு என்று சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் யாருடையது என்று கேட்பார்கள். அதற்குள் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினால் வயிறு வற்றிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வற்றவில்லை, வைரஸ்தான் ஏறியது.

அவள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கே அவளை உட்கார வைத்து, மாத்திரையை விடாதே, செத்துப்போவாய் என்று நானும் திட்டினேன். ஆனால் நான் வயிற்றைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திட்டினேன்.

இப்போது என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதுகிற வேகத்தில் மறந்தாலும் மறந்துவிடுவேன். ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் ஓர் இஞ்ச் டேப் வையுங்கள். வருகிற பெண்களின் இடுப்பை, முடிந்தால் கையையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, எங்கள் ஒவ்வொருவரின் சிகிச்சை விவரமும் எழுதுகிற பச்சைப் புத்தகத்தில் எழுதுங்கள். கூடவே சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். அவ்வளவுதான்.

எடைதான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறோமே என்பீர்கள். பார்க்கிறீர்கள், நன்றி. அந்த எடையில்தான் கோளாறு. என் பச்சைப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள், 2006லிருந்து 2011 வரை 51, 52, 51, 52. "எடை நிலையாக உள்ளது" என்று ஒருவர் அழகாக எழுதி டிக் வேறு போட்டிருக்கிறார். அதே வருஷங்களுக்கு என்னிடம் இன்னொரு நோட்டு இருக்கிறது. என் கடையின் அளவு நோட்டு. தையல்காரி தனக்கும் பிளவுஸ் தைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா, முதல் பக்கத்தில் என் அளவைத்தான் எழுதி வைப்பேன். 2004 பொங்கலுக்குத் தைத்தபோது கைச் சுற்று பத்தரை, மார்பு 34, இடுப்பு 29. 2010 தீபாவளிக்குக் கைச் சுற்று எட்டு, மார்பு 36, இடுப்பு 35. எடை மெஷின் அதே 52 காட்டுகிறது. கையிலும் காலிலும் போனது வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டால் மெஷினுக்கு என்ன தெரியும்? மொத்தக் கணக்கு சரியாகத்தானே வரும்.

என் பழைய அளவு பிளவுஸ் ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. 2010ல் அதைப் போட்டுப் பார்த்தபோது கை தொளதொளவென்று ஆடியது, முன்பக்கம் கொக்கி மாட்டவில்லை, பின் கழுத்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பின் கழுத்து ஏன் தூக்குகிறது என்று முதலில் புரியவில்லை, துணியைக் குறுக்காக வெட்டிவிட்டேனோ என்று கூட நினைத்தேன். கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கழுத்துக்குக் கீழே மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு. ஒரே உடம்புக்கு மூன்று ஆளுடைய அளவு. அந்த மாதிரி உடம்புக்கு எப்படி வெட்ட வேண்டும் என்று எந்தத் தையல் வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள், நானாகக் கற்றுக்கொண்டேன். இப்போது தொற்றுள்ளோர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் என்னிடம்தான் தைக்கக் கொடுக்கிறார்கள். வேறு தையல்காரியிடம் போனால் "என்னக்கா, அளவு இப்படி இருக்கு" என்று கேட்பாளாம்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உட்காரும் இடத்தில் சதையே இல்லாமல் போய்விட்டது. நாளெல்லாம் தையல் மெஷின் ஸ்டூலில் உட்காருகிற தொழில். எலும்பு நேராகக் கட்டையில் இடிக்கும். வெட்டித் துணியை அடைத்து ஒரு மெத்தை தைத்துக்கொண்டேன், அதில்தான் இருபது வருஷப் பிழைப்பு. உங்கள் மையத்து இரும்பு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வரும்போதும் அதைப் பையில் போட்டு எடுத்து வருகிறேன். ஒரு தடவை செக்யூரிட்டி அது என்ன மூட்டை என்று கேட்டார்.

பின்னணி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது, தாம்பரம் அதில் ஒன்று. அன்று கொடுத்ததில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. விலை மலிவு, உயிர் பிழைத்தோம். அதில் சந்தேகமே இல்லை, அந்த மாத்திரை இல்லாவிட்டால் என் மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்க நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த ஸ்டாவுடின் கொழுப்புச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும், கன்னம், கை, கால், பிட்டம் என்று தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு கரைந்துபோகும், போனது முழுசாகத் திரும்பாது. 2009லேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. எனக்கு மாற்றியது 2012ல். மாற்றும்போது யாரும் காரணம் சொல்லவில்லை. "புது மாத்திரைம்மா, நல்ல மாத்திரை." பழையதைக் கொடுத்தபோதும் நல்ல மாத்திரை என்றுதான் சொன்னார்கள்.

2011ல் மகள் கல்யாணம். போட்டோ எடுக்கும்போது இரண்டு கன்னத்துக்குள்ளும் வெற்றிலையைச் சுருட்டி அடக்கிக்கொண்டு நின்றேன், குழி தெரியக்கூடாது என்று. சம்பந்தி வீட்டாருக்கு என் விஷயம் தெரியாது. ஊரில் அந்த முகத்தை எல்லோரும் படித்து வைத்திருந்தார்கள், ஒட்டிய கன்னமும் நெற்றிப்பொட்டில் பள்ளமும் பார்த்தாலே "அதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். 2017ல் எங்களுக்காகச் சட்டம் போட்டீர்கள், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, என் அனுமதி இல்லாமல் என் தொற்றை யாரும் வெளியே சொல்லக் கூடாது. நல்ல சட்டம். என் கன்னம் அதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2010லிருந்தே இந்த மாதிரி முகத்துக்கு, அதனால் மனச்சோர்வு வந்திருந்தால், கன்னத்தை நிரப்பும் ஊசிக்கு அரசு காப்பீட்டில் பணம் தருகிறார்களாம். அதெல்லாம் நான் கேட்கவில்லை. டேப்தான் கேட்கிறேன்.

அப்புறம் 2021 வாக்கில் டிஎல்டி வந்தது, மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, அதில் ஒன்று டோலுடெக்ராவிர். டோலுடெக்ராவிர் நல்ல மருந்துதான், ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, முன்பு மாதிரி தலைசுற்றலும் கெட்ட கனவும் அவ்வளவாகக் கிடையாது, வைரஸ் சீக்கிரம் அடங்குகிறது. ஆனால் எடை கூடுகிறது. நர்ஸாக இருக்கும் என் மகள் செல்போனில் படித்துச் சொன்னாள், தென்னாப்பிரிக்காவில் நடத்திய ஆய்வு 2019லேயே வெளிவந்திருக்கிறது, டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்குப் பழைய எஃபவிரன்ஸ் மாத்திரைக்காரர்களைவிட எடை கூடியது, அதிலும் பெண்களுக்கு அதிகம் என்று. எனக்கு இரண்டு வருஷத்தில் ஒன்பது கிலோ. இப்போது இடுப்பு 39. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள், அது முப்பத்தொன்றரை இஞ்ச். நான் அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிறது, ஏனென்றால் ஸ்டாவுடின் காலத்திலேயே 35. ஒருவர்கூட அளக்கவில்லை.

கேட்டால் மூன்று பதில் வரும். முதல் பதில், வயசாகுதும்மா. இரண்டாவது, சோற்றைக் குறைங்க, நடங்க. மூன்றாவது, சிரிப்பு. "வைரல் லோடு கண்டறியப்படவில்லைன்னு வந்திருக்கு, அப்புறம் என்னம்மா அழகைப் பத்திக் கவலை?" அழகாம். 2005ல் இதே மாதிரி மேஜைக்கு முன்னால்தான் முட்டை சாப்பிடுங்க, கடலை சாப்பிடுங்க, எடை ஏறினால்தான் பிழைப்பீங்க என்று படம் போட்டுக் காட்டினார்கள். ரேஷன் அரிசியில் பொங்குகிற வீட்டில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

வயசும் ஒரு காரணமாக இருக்கலாம், மாதவிலக்கு நின்றால் எல்லாப் பெண்களுக்கும் இடுப்பு பெருக்கத்தான் செய்யும். அது எனக்கும் தெரியும், என் கடைக்கு வருகிற பெண்களை அளக்கிறவள் நான்தானே. ஆனால் அவர்களுக்குக் கைச் சுற்றும் சேர்ந்தே பெருக்கும். எனக்குக் கை ஒன்பது, இடுப்பு 39. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தானே வயசா மருந்தா சோறா என்று யோசிக்கவாவது முடியும்? அளக்காமலே வயசு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வயிற்றுக்குள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருகிற கொழுப்பு வெறும் தோற்றத்து விஷயம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை வரும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், இதயத்துக்குக் கெடுதல். எங்களில் முதல் மருந்து பலிக்காமல் செகண்ட் லைன் மாத்திரை, லோபினாவிர், ரிட்டோனாவிர் எடுக்கிறவர்களுக்குக் கொழுப்பு அளவு இன்னும் ஏறும். 2023ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியா உட்படப் பல நாடுகளில் 7,769 பேரை வைத்துச் செய்தது, 40 வயதுக்கு மேற்பட்ட தொற்றுள்ளோருக்கு ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. எனக்கு அந்த மாத்திரை வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவாவது என் ரத்தக் கொழுப்பு எவ்வளவு என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் நானே தனியார் லேபில் காசு கொடுத்துப் பார்த்தேன். ட்ரைகிளிசரைடு 260. அந்தச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினேன், "இது எங்க லேப் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சர்க்கரை விஷயத்தில் இன்னொரு ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு எங்கள் தெருவுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்க, "நான் ஏற்கெனவே டிஎல்டி சாப்பிடுகிறேன்" என்று எந்தப் பெண் சொல்வாள்? சொல்ல மாட்டாள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினை வாங்கிக்கொள்வாள். டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் மெட்ஃபார்மின் ரத்தத்தில் அதிகமாகத் தங்கும், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். இதை யார் பார்ப்பது? தெருவில் வருகிறவருக்கு டிஎல்டி தெரியாது, உங்களுக்கு மெட்ஃபார்மின் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. மகள் சொன்ன இன்னொரு விஷயத்தையும் போட்டுவிடுகிறேன். 2018ல் போட்ஸ்வானாவில், டோலுடெக்ராவிர் எடுத்த கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறை வருமோ என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. உடனே உலகமே பரபரத்தது, எச்சரிக்கை விட்டார்கள், குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்களுக்கு யோசித்துக் கொடுங்கள் என்றார்கள், எண்ணி எண்ணிப் பார்த்தார்கள், அடுத்த வருஷம் அவ்வளவு பயம் வேண்டாம், எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். செய்ய வேண்டியதுதான், குழந்தை விஷயம். ஆனால் அதே மாத்திரை அதே பெண்ணின் இடுப்பில் என்ன செய்கிறது என்று பார்க்க இந்த அவசரம் ஏன் வரவில்லை? கர்ப்பப்பை இருக்கிற வரைக்கும்தான் எங்கள் உடம்புக்கு மதிப்போ என்னவோ. 1986ல் இந்தத் தொற்று நம் நாட்டில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததே சென்னையில், பெண்களின் ரத்தத்தை எடுத்துத்தான். ரத்தம் எடுக்கத் தெரிந்தது. இன்றைக்கு நாட்டில் தொற்றோடு இருக்கும் சுமார் 25 லட்சம் பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் பெண்கள், அதாவது 11 லட்சம் இடுப்பு. டிசம்பர் 1, எய்ட்ஸ் தினம் வந்தால் மட்டும் ஊர்வலம், சிவப்பு ரிப்பன், எங்களில் நாலு பேரை மேடையேற்றிப் பொன்னாடை. பொன்னாடை போர்த்துகிறவருக்காவது தெரிந்திருக்கும், தோளில் சதை இல்லாததால் அது நிற்காமல் வழுக்கி விழுகிறது என்று.

சரி, மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். உங்கள் மையங்களில் வேலை செய்கிறவர்கள் படுகிற பாடும் எனக்குத் தெரியும். ஒரு டாக்டர், அவரும் பாதி நாள் வேறு டூட்டி, இருநூறு பேர் வரிசையில். கவுன்சிலர் ஒருவரே மருந்து எண்ணுகிறார், கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார், போன் போட்டு வராதவர்களைக் கூப்பிடுகிறார். அவர்களிடம் புது இயந்திரம் கொண்டுவா, ஸ்கேன் எடு என்று கேட்டால் நியாயம் இல்லை. அதனால்தான் டேப் கேட்கிறேன். நான் ஒரு ஆளுக்கு இடுப்பும் கையும் அளக்க அரை நிமிஷம் ஆகும், பழகாதவர்களுக்கு ஒரு நிமிஷம் என்று வையுங்கள்.

தயவுசெய்து செய்யுங்கள். எடை எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் இடுப்புக்கு ஒரு கட்டம். சர்க்கரை, ரத்தக் கொழுப்பு வருஷத்துக்கு ஒருமுறை, உங்கள் லேபிலேயே. மாத்திரை மாற்றும்போது, இதனால் உடம்பு இப்படி மாறலாம், மாறினால் நிறுத்தாமல் எங்களிடம் வந்து சொல் என்று ஒரு வார்த்தை. ஒருத்தி மாத்திரையை நிறுத்தியிருந்தால், திட்டுவதற்கு முன்னால், உடம்பில் ஏதாவது மாறியதா என்று ஒரு கேள்வி. அளக்கிறவர் பெண்ணாக இருக்கட்டும், ஒரு திரைத்துணி போட்டுக்கொள்ளட்டும், வரிசைக்கு முன்னால் வேண்டாம். திரைத்துணிகூட இல்லை என்றால் சொல்லுங்கள், தைத்துத் தருகிறேன்.

அந்தப் பெண் மறுபடி மாத்திரை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வாரம் கடைக்கு வந்தாள், முன்பக்கம் இறக்கி, வயிறு தெரியாத மாதிரி ஒரு சுடிதார் கேட்டாள், அளவெடுத்தேன். கை எட்டரை, இடுப்பு முப்பத்தேழரை. தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதி அவளிடமே கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதம் 9ஆம் தேதி பச்சைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வருவாள். எங்க லேப் இல்லையே என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் மருந்து வாங்கும் ஒரு தையல்காரி